போர்க்களக் காணொளி: மெய்யா, ஜோடனையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சண்டைக் காட்சி கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காட்சிக்கு முன்னால் அதன் தலைப்பைப் பாருங்கள். "நேற்றிரவு இன்ன ஊரில் இன்ன படை இன்னதைத் தகர்த்தது" என்று யாரோ எழுதியிருப்பார்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்த நாள், யார், என்ன செய்தார்கள். "உண்மையா பொய்யா" என்ற ஒற்றைக் கேள்விக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இது கேமராவில் பதிவானதா, கணினியில் உருவானதா? பதிவானது என்றால், சொல்லப்பட்ட இடத்திலும் நாளிலும்தானா? அதில் இருப்பவர்கள் மெய்யாகவே சுட்டுக்கொள்கிறார்களா, கேமராவுக்காகச் செய்கிறார்களா? எல்லாம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், தலைப்பு சொல்வது காட்சியில் தெரிகிறதா?

பெரும்பாலான போலிகள் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்கின்றன. காட்சி அசல், தலைப்புதான் பொய். 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் இரசாயனக் கிடங்கு வெடித்தது. அந்தக் காட்சிகள் அதன்பின் எத்தனையோ போர்களின் பெயரில் மறுபிறவி எடுத்துவிட்டன. 2022இல் உக்ரைன் என்றும் சுற்றின. காணொளியில் ஒரு ஃபிரேம்கூட மாற்றப்பட்டிருக்காது. அதனால் "எடிட் செய்ததற்கான தடயம் இல்லை" என்பது எதற்கும் சான்றாகாது.

பழைய காட்சியா என்று கண்டுபிடிப்பது எப்படி?

காணொளியை நிறுத்தி நிறுத்தி நான்கைந்து இடங்களில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கட்டடம், மலை, பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் ஃபிரேம்களே பயன்படும். வெறும் நெருப்பும் புகையும் உள்ள ஃபிரேமைத் தேடினால் உலகத்தில் உள்ள நெருப்பெல்லாம் வந்து நிற்கும். அவற்றைக் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ ஆகிய படத்தேடல் தளங்களில் தனித்தனியே தேடுங்கள். ஒன்று கோட்டைவிட்டதை இன்னொன்று பிடிக்கும். இன்விட் என்ற இலவச உலாவி நீட்சி காணொளியை ஃபிரேம்களாகப் பிரித்தே தரும்.

எதுவும் கிடைக்கவில்லையா? படத்தை இடவலமாகத் திருப்பித் தேடிப் பாருங்கள். தேடுபொறியை ஏமாற்றக் கண்ணாடிப் பிம்பமாக்கி வெளியிடுவது பழைய தந்திரம். வாகன எண்ணோ கடைப் பலகையோ இடவலம் மாறித் தெரிந்தால் விஷயம் முடிந்தது.

சொல்லப்படும் நாளுக்கு ஒரே ஒரு நாள் முன்பு அதே காட்சி எங்காவது வெளியாகியிருந்தாலும் தலைப்பு பொய்தான். கிடைக்காமல் போனால் மட்டும், அது புதியது என்று பொருள் கொள்ளக் கூடாது.

பெரிய செய்தி நிறுவனம் ஒளிபரப்பியதை நம்பலாம்தானே?

2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி நியூஸ், சிரியாவின் எல்லை ஊர் ஒன்றைத் துருக்கி இரவில் தாக்குவதாக ஒரு காட்சியைக் காட்டியது. அது கென்டக்கி மாநிலத்தில் உள்ள நாப் கிரீக் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பொதுமக்களுக்காக நடத்தப்பட்ட இரவு வேடிக்கை நிகழ்ச்சி. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இராணுவ அமைச்சகங்களும் இதற்கு விதிவிலக்கில்லை. 2017 நவம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் "மறுக்க முடியாத ஆதாரம்" என்று வெளியிட்ட படங்களில் ஒன்று அலைபேசி விளையாட்டு ஒன்றின் விளம்பரக் காணொளியிலிருந்து எடுத்தது.

வீடியோ கேம் காட்சியை அடையாளம் காண்பது எப்படி?

அடிக்கடி பிடிபடுவது ஆர்மா 3. செக் நாட்டின் போஹிமியா இன்டராக்டிவ் 2013இல் வெளியிட்ட விளையாட்டு. தங்கள் கேம் காட்சிகள் போர்ச் செய்தியாக உலவுவதைப் பொறுக்க முடியாமல், 2022 நவம்பரில் அந்த நிறுவனமே கண்டுபிடிக்கும் குறிப்புகளை வெளியிட்டது. விமானச் சண்டைக் காட்சிகளுக்கு டிசிஎஸ் என்ற விளையாட்டு. 2022 பிப்ரவரியில் "கீவின் ஆவி" என்ற விமானியின் சாகசமாகப் பரவியது அதில் செய்ததுதான். அப்படி ஒரு தனிமனிதர் இல்லை என்று உக்ரைன் விமானப் படையே ஏப்ரல் இறுதியில் சொல்லிவிட்டது. 2019 பாலாகோட் தாக்குதலின்போதும், 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போதும் கேம் காட்சிகள் சுற்றின.

பெரும்பாலும் இரவு, கேமரா வேண்டுமென்றே ஆடும், தரம் குறைவாக இருக்கும், ஒலி இருக்காது அல்லது பின்னால் கத்தல் சேர்த்திருப்பார்கள். இவை குறைகளை மறைக்கும் போர்வைகள். போர்வை எட்டாத இடங்களைப் பாருங்கள். மனிதர்கள் அருகில் வருவதே இல்லை. வந்தாலும் துணி மடிப்பு அசையாது. குண்டு விழுந்த இடத்திலிருந்து எழும் தூசி ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் எழுந்து ஒரே வேகத்தில் கரையும். ஒளிரும் குண்டுகள் ஒரே இடைவெளியில் கோடு போட்டதுபோலப் போகும். வாகனம் புல்லின்மேல் போனால் புல் நசுங்காது. விமானம் தகர்ந்தால் சிதறல்கள் நாலைந்து பெரிய துண்டுகளாக இருக்கும்.

கேமராவில் எடுத்ததுதான். ஆனால் நடித்து எடுத்ததா என்று எப்படிச் சொல்வது?

கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாச் சோதனைகளிலும் இதுதான் முதலிடம். சுடப்படும் ஒருவனை முன்பக்கமிருந்து, முகம் தெரிய, நின்றபடி படம் எடுத்திருக்கிறார்கள் என்றால், எடுத்தவரின் முதுகு எதிரிக்குத் திறந்து கிடக்கிறது. மெய்யான சண்டையில் கேமரா சுவருக்குப் பின்னால் பதுங்கும், தரையைக் காட்டும், முக்கியமான கணத்தைத் தவறவிடும். எதிரி தென்படவே மாட்டான். வீரர்கள் தொலைவில் உள்ள வேலியையோ ஜன்னலையோ பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். சலிப்பூட்டுகிற காட்சியை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

அடுத்து, நடக்கப்போவது கேமராவுக்கு முன்கூட்டியே தெரிகிறதா? ஒன்றுமில்லாத ஒரு கதவைக் கேமரா ஐந்து விநாடி பார்த்துக்கொண்டே இருக்கிறது, உடனே அந்தக் கதவு வெடிக்கிறது என்றால் காரணம் தேடுங்கள். காரணம் இருக்கவும் கூடும். கண்காணிப்பு ட்ரோன் இலக்கின் மேலேயே நிற்கும். தற்கொலை ட்ரோன் மோதுவதை இன்னொரு ட்ரோன் படமெடுக்கும். பாதுகாப்புக் கேமரா பல ஆண்டுகளாக அதே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் பிடித்த அலைபேசி என்றால்தான் சந்தேகம் வலுக்கும்.

துப்பாக்கியைப் பாருங்கள். குண்டு இல்லாமல் மருந்து மட்டும் நிரப்பிய வெற்றுத் தோட்டாவால் சுட்டால், தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளக் குழலுக்குள் போதிய அழுத்தம் இருக்காது. அதற்காகக் குழல் முனையில் ஓர் அடைப்பைத் திருகுவார்கள். பயிற்சியில் அது பல நேரம் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்கும். காட்சியில் அதைக் கண்டால் அது பயிற்சிக் காணொளி. யாரையும் ஏமாற்ற எடுத்ததாகக்கூட இருக்காது, எடுத்துப் போட்டவர்தான் போர் ஆக்கியிருப்பார். சுடும்போது தோள் பின்னுக்குத் தள்ளப்படுகிறதா, எதிரே சுவரிலோ மண்ணிலோ குண்டு பட்ட தெறிப்பு இருக்கிறதா என்பதும் உதவும்.

வெடிப்பைப் பாருங்கள். மெதுவாக உருண்டு எழும் ஆரஞ்சு நிற நெருப்புப் பந்து திரைப்படத்துப் பெட்ரோல் வெடி. பீரங்கிக் குண்டு மண்ணில் விழுந்தால் ஒரே ஒரு ஃபிரேமில் மின்னல்போல ஒளி, உடனே சாம்பலும் பழுப்புமாக மண்ணும் புகையும். சில வேளை அந்த ஒளி எந்த ஃபிரேமிலும் சிக்காது. ஆனால் எண்ணெய்க் கிடங்கோ, வாகனத்தின் எரிபொருள் தொட்டியோ பற்றினால் மெய்யான போரிலும் ஆரஞ்சுப் பந்து எழும் என்பதை மறந்துவிடக் கூடாது.

2014 நவம்பரில் உலகெங்கும் பரவிய "சிரியாவின் வீரச் சிறுவன்" காணொளி நினைவிருக்கலாம். குண்டு மழைக்கு நடுவே ஒரு சிறுவன் ஓடிப்போய்ச் சிறுமியை மீட்பான். நார்வே இயக்குநர் லார்ஸ் கிளெவ்பெர்க் மால்டாவில் நடிகர்களை வைத்து எடுத்தது அது. இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், பலர் அழுதார்கள். திரும்பப் பார்த்தால், சிறுவன் சுடப்பட்டு விழுவதும் எழுவதும் சரியாகச் சட்டகத்தின் நடுவில் நடக்கின்றன. கேமரா ஒருமுறைகூட அவனைத் தவறவிடுவதில்லை.

ஒலியிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒளி உடனே வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் ஓசை ஏறத்தாழ மூன்று வினாடி கழித்து வர வேண்டும். தூரத்து வெடிப்பும் ஓசையும் ஒன்றாக வந்தால், ஒலி பின்னால் சேர்க்கப்பட்டது. ஜூம் செய்து எடுத்தாலும் ஒலி முந்தி வராது.

இதைக் கொண்டு இடத்தையும் சோதிக்கலாம். ஓசை நான்கரை வினாடி கழித்து வருகிறது என்றால் வெடிப்பு 1,500 மீட்டர் அப்பால். வரைபடத்தில் எடுத்தவர் நின்றதாகச் சொல்லும் மாடியிலிருந்து அந்தத் தொலைவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். இன்னொருவர் வேறு பக்கமிருந்து எடுத்த காட்சிக்கும் ஒரு வட்டம். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் தாக்கப்பட்டதாகச் சொல்லும் கட்டடம் இருக்க வேண்டும்.

துப்பாக்கிக் குண்டு ஒலியை விட வேகமாகப் பறக்கும். அதனால் சுடப்படுபவர் பக்கம் இருக்கும் கேமராவில் இரண்டு ஓசைகள் பதிவாகும்: முதலில் குண்டு கடக்கும்போது சாட்டை சொடுக்கியதுபோல ஒரு வெடிப்பு, பிறகு தொலைவில் துப்பாக்கியின் மொத்தென்ற ஓசை. 300 மீட்டரில் இடைவெளி அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நடித்து எடுப்பவர்கள் இந்தச் சொடுக்கைச் சேர்க்க மறந்துவிடுவார்கள், அல்லது திரைப்படத்து "விர்ர்" ஓசையைப் போடுவார்கள். அலைபேசியின் மைக் உரத்த ஓசையைத் தாங்காமல் நறுக்கிவிடும். அதனால் அருகில் சுடும் மெய்யான துப்பாக்கி, பலகையைத் தட்டியதுபோலச் சப்பென்று கேட்கும். "ஓசை உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே, போலி" என்று சொல்பவர்கள் திரையரங்கில் கேட்டதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு பகுதி நடிப்பு என்றால் முழுவதும் பொய்தானே?

இல்லை. 1916இல் வெளியான பிரிட்டிஷ் ஆவணப்படம் முதல் உலகப் போரின் சோம் சண்டையைக் காட்டுகிறது. பெரும்பகுதி களத்தில் எடுத்தது. ஆனால் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் பாய்வதும் சிலர் சரிந்து விழுவதும் முன்னணிக்குப் பின்னால் பயிற்சி இடத்தில் எடுத்தவை என்பது ஆய்வாளர்கள் முடிவு. கேமரா நிற்கும் இடமும், வீரர்கள் முதுகில் சுமை இல்லாததும் காட்டிக்கொடுத்தன. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படத்தில் பாறைகளுக்கு நடுவே கிடக்கும் வீரன் மெய்யாகவே இறந்தவன். படத்துக்காக உடலை வேறிடத்திலிருந்து தூக்கி வந்து, பக்கத்தில் ஒரு துப்பாக்கியையும் சாத்திவைத்தார்கள். அதே உடல் வேறிடத்தில் கிடக்கும் படங்களை ஒப்பிட்டு வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃப்ரஸ்ஸனிட்டோ இதை 1975இல் நிறுவினார்.

இன்றைய படைகளும் ஆயுதக் குழுக்களும் வெளியிடும் தொகுப்புகள் இந்த இரகம்தான். நான்கு நாள் காட்சிகளை ஒரே தாக்குதலாக வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே நிழலின் திசையையும் வானத்தையும் ஒப்பிடுங்கள். ஏவுகணை கிளம்புவது ஒரு துண்டிலும், இலக்கு எரிவது அடுத்த துண்டிலும் இருந்தால், இரண்டையும் சேர்த்துவைப்பது எடிட்டரின் கத்தரி மட்டுமே.

"பிணம் கையை அசைக்கிறது, எல்லாம் செட்டப்" என்கிறார்களே?

இங்கே சற்று நிதானம் வேண்டும். மெய்யான காட்சியை நடிப்பு என்பதும் பொய்தான். அந்தப் பொய்க்கு ஆதாரம் கேட்பவர்கள் குறைவு.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் உக்ரைனின் புச்சா நகரத் தெருவில், ஓடும் காரிலிருந்து எடுத்த காணொளியில் உடல்கள் கிடந்தன. ஒரு கை அசைவதாகவும், கடந்த பின் பக்கக் கண்ணாடியில் ஒரு உடல் எழுந்து உட்காருவதாகவும் சொன்னார்கள். தெளிவான பிரதியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், "அசையும் கை" காரின் முகப்புக் கண்ணாடியில் இருக்கும் நீர்த்துளி. பக்கக் கண்ணாடியின் வளைவு உடலை மட்டுமல்ல, பின்னணியில் உள்ள கட்டடங்களையும் சேர்த்தே நெளியச் செய்கிறது. ரஷ்யப் படை நகரில் இருந்த மார்ச் மாதத்திலேயே அந்த உடல்கள் அதே இடங்களில் கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. தரம் குறைந்த பிரதியில் அசைவைத் தேடினால் எதிலும் அசைவு கிடைக்கும்.

ஜப்பானின் ஈவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டிய படம் ஜோடனை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. "போஸ் கொடுக்கச் சொன்னீர்களா?" என்று கேட்டதற்குப் படத்தை எடுத்த ஜோ ரோசந்தால் ஆம் என்றார், அவர் நினைத்துக்கொண்டது அன்றே எடுத்த வேறொரு குழுப் படத்தை. அதே கணத்தைப் பக்கத்தில் நின்று இன்னொருவர் திரைப்படக் கேமராவில் எடுத்திருக்கிறார். அதில் யாரும் யாருக்கும் போஸ் கொடுக்கவில்லை.

கோப்பின் மெட்டாடேட்டாவில் (கோப்போடு சேர்ந்து பதியும் விவரங்களில்) தேதி இருக்குமே, அது போதாதா?

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ் வழியாக வந்தால் பெரும்பாலும் அழிந்திருக்கும். இருந்தாலும் அது கருவியின் கடிகாரம் சொன்ன தேதி மட்டுமே. இதைத் தமிழர்களுக்கு விளக்க ஓர் உதாரணம் போதும். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சானல் 4, இலங்கையில் கண்ணும் கையும் கட்டப்பட்ட நிர்வாணமான ஆண்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியை ஒளிபரப்பியது. இலங்கை அரசு போலி என்றது. அதில் பதிந்திருந்த தேதி 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம்.

ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதை மூன்று தனி நிபுணர்களிடம் கொடுத்தார்: தடயவியல் மருத்துவர், காணொளி ஆய்வாளர், துப்பாக்கி நிபுணர். துப்பாக்கியின் பின்னுதைப்பும் அசைவும் வாயுவும் மெய்யான தோட்டாவுக்கு உரியவை, உடல்களின் எதிர்வினை சுடப்பட்டதற்குப் பொருந்துகிறது, காட்சியில் வெட்டு ஒட்டு இல்லை என்பது அவர்கள் முடிவு. 2010 ஜனவரியில் அதை வெளியிட்ட ஆல்ஸ்டன், தேதியும் சில உடல்களின் அசைவும் விளக்கப்படாமல் இருப்பதை மறைக்காமல் குறிப்பிட்டார். அவை முடிவைக் கவிழ்க்கப் போதவில்லை. பின்னர் கிடைத்த நீண்ட வடிவத்தையும் அவருக்கு அடுத்து வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் சோதிக்கச் செய்து, 2011இல் அதே முடிவைச் சொன்னார்.

விடைகாணாத ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளுவதா, மொத்தத்தையும் எடைபோட்டு அந்தப் புள்ளியை அதன் இடத்தில் வைப்பதா என்பதில்தான் ஆய்வும் வாதாடலும் பிரிகின்றன.

இடத்தையும் நாளையும் காட்சியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பொறுமை வேண்டும். 2018 ஜூலையில் கேமரூன் வீரர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் சுட்டுக்கொல்லும் காணொளி வந்தது. அரசு போலிச் செய்தி என்றது. பிபிசியின் "ஆப்பிரிக்கா ஐ" புலனாய்வுக் குழு பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டு, நாட்டின் வடகோடியில் ஸெலெவெட் என்ற ஊருக்கு அருகே என்று கண்டது. பிறகு நாள். காட்சியில் உள்ள ஒரு கட்டடம் எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்கள் சொல்லின. மண் பாதை ஒன்று வறண்ட மாதங்களில் மட்டுமே தெரிந்தது. நடக்கும் வீரர்களின் நிழல் நீளமும் திசையும் சூரியனின் நிலையைக் காட்டின. 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே என்று குறுகிவிட்டது. 2020 செப்டம்பரில் நான்கு வீரர்களுக்கு 10 ஆண்டுச் சிறை.

நிழலைக் கணக்கிடச் சன்கால்க் தளம், நிலத்தோற்றத்துக்குக் கூகுள் எர்த், அண்மைய படங்களுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள், பெரிய தீயைச் சரிபார்க்க நாசாவின் ஃபர்ம்ஸ் தளம். நான்கையும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் செல்லுமா?

சில செல்லாது. ஆறு விரல், கோணிய எழுத்து என்று தேடும் காலம் கடந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் வந்த கூகுளின் காணொளி உருவாக்கும் கருவி வியோ 3 ஒலியையும் சேர்த்தே உருவாக்கியது. அடுத்த மாதமே இஸ்ரேல்-ஈரான் மோதலில் இத்தகைய காட்சிகள் குவிந்தன. எட்டு வினாடித் துண்டுகள், மூலையில் வெட்டிய அல்லது மங்கலாக்கிய முத்திரை, நின்ற இடத்தில் கூட்டத்தோடு கரையும் மனிதர்கள் ஆகியவை இன்னும் உதவுகின்றன. எவ்வளவு காலத்துக்கு என்பது வேறு விஷயம்.

கண்டறியும் கருவிகள் தரும் விழுக்காட்டைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். சுருக்கிச் சுருக்கிப் பரவிய மெய்யான காட்சியையும் அவை செயற்கை என்று சொல்லும். சாட்பாட்டிடம் "இது உண்மையா" என்று கேட்பது அதைவிட மோசம். அது தெம்பாகத் தவறு சொல்லும்.

இடமும் துணைச் சான்றும் பற்றிய கேள்விகள் இப்போதும் செல்லும். பெருநகரின் நடுவே ஏவுகணை விழுந்தால் நூறு பேர் நூறு மூலையிலிருந்து எடுப்பார்கள். ஒரே ஒரு கோணம், ஒரே ஒரு சமூக ஊடகக் கணக்கு, மறுநாள் இடிபாட்டின் படம்கூட இல்லை என்றால் காட்சி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நம்ப முகாந்திரம் இல்லை. ஆளில்லாக் காட்டில் நடந்ததற்கு இந்த வாதம் பொருந்தாது.

இரத்தமே இல்லையே? யாரும் அழவில்லையே?

இரண்டும் சான்றல்ல. கனத்த உடையில் இரத்தம் வெளியே தெரிய நேரமாகும். அதிர்ச்சியில் இருப்பவர் சிரிப்பதும், வெறித்துப் பார்ப்பதும், செருப்பைத் தேடுவதும் உண்டு.

முடிவுக்கு வர முடியாவிட்டால்?

"சரிபார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். எதை உறுதிசெய்தீர்கள், எதை முடியவில்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: "இடம் சரி, நாள் தெரியவில்லை, சுட்டவர் யார் என்பது காட்சியில் இல்லை." வாசகருக்கு இது ஒற்றைச் சொல் தீர்ப்பைவிடப் பயன்படும்.

மெய்யென்று தோன்றும் காட்சியை எப்படிப் பத்திரப்படுத்துவது?

இணைப்பை மட்டும் வைத்திருக்காதீர்கள். 2017இல் யூடியூபின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போர்க் காணொளிகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. கிடைக்கும் மிகத் தரமான பிரதியைப் பதிவிறக்குங்கள். பதிவேற்றிய கணக்கு, நேரம், நேர மண்டலம், கூடவே எழுதிய வாசகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்திலும் சேமியுங்கள். கோப்பின் ஹாஷ் எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து எழுதிவைத்தால், பிற்பாடு ஒரு பிட்கூட மாறவில்லை என்று காட்டலாம். எடுத்தவரைத் தொடர்புகொள்ள முடிந்தால் அசல் கோப்பைக் கேளுங்கள். டெலிகிராமில் காணொளியாக இல்லாமல் கோப்பாக அனுப்பச் சொன்னால் தரமும் மெட்டாடேட்டாவும் தங்கும். அவர் இன்னும் போர்ப்பகுதியில் இருந்தால், அவர் நின்ற மாடியை வெளியில் சொல்லாதீர்கள்.